இரு செவிக்குள் எண்டிசை

இஷாத் தொழுகை முடிந்து ஊர் அடங்கத் தொடங்கும் வேளையிலே சாய்ந்தமருதின் உள்வீதி ஒன்றில் நடந்து பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை விளங்கும். இங்கே வீடுகள் ஒன்றோடொன்று தோளுரசி நிற்கின்றன. ஒரு வீட்டில் தாளிக்கும் ஓசை மறுவீட்டில் கேட்கும். மறுவீட்டுக் குழந்தை இருமினால் இவ்வீட்டுத் தாய் விழித்துக்கொள்வாள். கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவே கிடக்கும் ஒடுங்கிய நிலத்தைப் பெண்மக்களுக்குச் சீதனமாகப் பங்கிட்டு, பங்கிட்ட துண்டில் மேலும் ஒரு வீட்டைக் கட்டி வாழ்ந்து வந்த ஊர் இது. மக்கள் பெருகினர், மண் பெருகவில்லை.

இத்தகைய ஊரில் ஓர் இளைஞனுக்குத் திரையரங்கின் ஒலியைத் தன் வீட்டிலேயே கேட்டுவிட வேண்டுமென்ற ஆசை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முறைப்படி செய்வதானால் முன்னே மூன்று, பக்கங்களில் இரண்டு, பின்னே இரண்டு என ஏழு ஒலிபெருக்கிகளையும், அடித்தொனிக்கென ஒரு கனத்த பெட்டியையும் கூடத்திலே நிறுவுதல் வேண்டும். அவற்றுக்கு இடம் எங்கே என்பது ஒருபுறமிருக்க, நிறுவிய முதல் இரவே திரையில் வெடிக்கும் குண்டு பக்கத்து வீட்டு உம்மம்மாவின் கட்டிலை அசைத்துவிடும். பொழுது புலர்வதற்குள் வழக்கு வாசலுக்கு வந்து சேரும்.

ஆகவேதான் நம்மூர்ப் பிள்ளைகள் ஹெட்போனை நாடுகின்றனர். கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் விடுமுறையில் வரும் மச்சான்மாரிடம் அனுப்பும் விருப்பப் பட்டியலில் வாசனைத் திரவியத்துக்கும் கைக்கடிகாரத்துக்கும் அடுத்தபடியாக இப்பொழுது அதுவும் இடம்பிடித்திருக்கின்றது. அதிலும் வெறும் ஹெட்போன் போதாதாம். பெட்டியின் மேல் '7.1 சரவுண்ட்' என்று பொறித்திருக்க வேண்டுமாம். சரவுண்ட் என்பது சுற்றொலி. முன்னும் பின்னும், வலமும் இடமும், சிலவற்றில் மேலுங்கூட, ஒலி நம்மைச் சூழ்ந்து நிற்பதாகத் தோன்றச் செய்யும் முறை அது.

இரண்டே காதுகளின் மேல் இரண்டே கிண்ணங்களைக் கவிழ்த்துவிட்டு ஏழு திசையையும் காட்டுவேன் என்பது எப்படி? வியாபாரியின் வாய்ச்சாலமா, விஞ்ஞானத்தின் வல்லமையா? இரண்டும் உண்டு.

மாணவர்கள் இதனை வீட்டிலேயே சோதித்தறியலாம். தம்பியைக் கண்மூடி அமரச் செய்து, அவனைச் சுற்றி ஓசைபடாமல் நடந்து, திறப்புக் கோவையை ஓரிடத்தில் நின்று குலுக்குங்கள். வலமா இடமா என்று அவன் தவறாமற் சொல்வான். வலப்பக்கத்து ஒலி வலக்காதை அடைந்த பின்னரே தலையைச் சுற்றி இடக்காதை அடைகின்றது. அந்தத் தாமதம் மிகக் கூடினும் ஒரு வினாடியின் 1,500 இல் ஒரு பங்கு அளவினதே. ஆயினும் அதனையும், அதனினும் பன்மடங்கு நுண்ணிய வேறுபாட்டையும் மூளை கணித்துவிடுகின்றது. அத்தோடு தலை ஒரு மறைப்பாக நிற்பதால், தொலைக்காதில் ஒலி சற்று மெலிந்தும் விழுகின்றது. இவ்விரு குறிப்புகளைக் கொண்டே நாம் திசையறிகின்றோம் என்பதை ஆங்கில விஞ்ஞானியான றேலி பிரபு 1907 இல் தெளிவாக எடுத்துரைத்தார்.

இனி, சோதனையைச் சற்று மாற்றுவோம். தம்பியின் முகத்துக்கு நேரே, நடுக்கோட்டிலே நின்று குலுக்குங்கள். பின்னர் அவன் பிடரிக்கு நேரே நின்று குலுக்குங்கள். இவ்விரு இடங்களிலும் ஒலி இரு காதுகளையும் ஒரே வேளையில், ஒரே வலிமையோடுதான் அடைகின்றது. ஆனாலும் பெரும்பாலும் அவன் முன் பின்னைப் பிரித்தறிவான். அங்கே உதவுவது காதின் மடல். காதுமடலில் உள்ள மேடு பள்ளங்களில் மோதித் திரும்பும் ஒலி, திசைக்கேற்பச் சிறிது நிறம் மாறி உள்ளே செல்கின்றது. பிறந்த நாள் முதலாக அந்த நிறமாற்றங்களைக் கேட்டுக் கேட்டு, இன்ன சாயல் என்றால் இன்ன திசை என்று மூளை பாடம் செய்து வைத்திருக்கின்றது. 1998 இல் நெதர்லாந்து விஞ்ஞானிகள் சிலர், தன்னார்வலரின் காதுமடல்களில் அச்சுப்பொருளைப் பதித்து அவற்றின் உருவை மாற்றினர். உடனே அவர்களுக்கு ஒலி மேலிருந்து வருகின்றதா கீழிருந்து வருகின்றதா என்பது புலப்படாமற் போயிற்று. அச்சோடு நடமாடிச் சில வாரங்கள் சென்றதும் புதிய காதுகளுக்குப் பழகிக்கொண்டனர். அச்சை அகற்றிய பின்னரோ பழைய பாடமும் மறவாமல் இருந்தது! ஒருவருக்குள் இரண்டு செவிப்பாடங்கள் குடியிருக்க முடிந்தது என்பது வியப்பன்றோ?

இரு காதுக்கும் தனித்தனி ஒலி கொடுத்து வெளியைத் தோற்றுவிக்கும் வித்தை நேற்றுப் பிறந்ததன்று. 1881 ஆம் ஆண்டிலேயே பாரிஸ் மின்னியற் கண்காட்சியில் கிளெமென் அதேர் என்னும் பொறியியலாளர், இசை நாடக மேடையின் ஓரத்தில் ஒலிவாங்கிகளை வரிசையாக வைத்து, அவற்றின் ஒலியைத் தொலைபேசிக் கம்பி வழியே கண்காட்சி மண்டபத்துக்குக் கொண்டுவந்தார். பார்வையாளர் இரு செவியிலும் இரு குழல்களை வைத்துக் கேட்டபோது, பாடகர் மேடையில் இப்பக்கமிருந்து அப்பக்கம் நடந்து செல்வதை உணர்ந்தனராம். 1933 இல் அமெரிக்காவின் சிக்காகோ நகர்ப் பெருங்கண்காட்சியில் 'ஒஸ்கார்' என்ற பொம்மையைப் பெல் ஆய்வுகூடத்தார் அமர்த்தினர். அதன் காதருகே ஒலிவாங்கிகள். பொம்மைக்குக் கேட்பதை மக்கள் தங்கள் காதில் மாட்டிக் கேட்டனர். இசை கேட்பதற்கான ஸ்டீரியோ ஹெட்போனை ஜோன் கொஸ் என்பவர் விற்பனைக்குக் கொணர்ந்தது 1958 இல்.

ஒலியாராய்ச்சி ஏதோ மேனாட்டாருக்கே உரியது என்று நம் மாணவர் எண்ணிவிடக் கூடாது. சாய்ந்தமருதிலிருந்து தெற்கே நடைதூரத்தில் உள்ள காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், பண்டைத் தமிழரின் யாழை ஒலியியற் கணிதத்தால் ஆராய்ந்து 1947 இல் யாழ்நூலை அரங்கேற்றியவர்.

இனி, கடையில் விற்கும் பெட்டிக்கு வருவோம். 7.1 என்று பொறித்த ஹெட்போனைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றுள் இருப்பவை இரண்டே அதிர்தகடுகள், காதுக்கு ஒன்று. ஏழு திசையும் கணக்கினால் ஆக்கப்படுகின்றன. திரைப்படத்தின் பின்-இட ஒலியை எடுத்துக்கொள்வோம். அது உண்மையிலேயே பின்னால் இடப்புறமிருந்து வந்திருந்தால் இடக்காதில் எத்துணை முந்தி, எத்துணை வலிமையோடு, எந்தச் சாயலில் விழுந்திருக்கும். வலக்காதில் எங்ஙனம் விழுந்திருக்கும் என்று கணினி கணித்து, அவ்வாறே திரித்து இரு காதுக்கும் அனுப்புகின்றது. ஏழு ஒலிக்கும் இப்படியே செய்து, இரண்டாகக் கலந்துவிடுகின்றது. கிண்ணத்துக்குள் மூன்று நான்கு சிறு தகடுகளைப் பதித்துச் செய்தவையும் உண்டு. ஆனால் காதுக்கு அத்துணை அருகே நெருக்கி வைத்த சிறு தகடுகளால், அறையிற் பரப்பி வைத்த பெட்டிகளின் வேலையைச் செய்தல் அரிது. விலையும் எடையும் கூடுவதே அவற்றின் முதற்பயன்.

இந்தக் கணக்கு எவருடைய காதுமடலைக் கொண்டு போடப்பட்டது? ஒரு சராசரிக் காதை, அல்லது ஒரு பொம்மைக் காதைக் கொண்டு! அந்தச் சராசரி உங்கள் காதுக்குப் பொருந்தினால் ஒலி தலைக்கு வெளியே எழுந்து சூழும். பொருந்தாவிடின் எல்லாம் மண்டைக்குள்ளேயே முழங்கும். முன்னால் வர வேண்டியது பின்னாற் கேட்கும். ஆதலின், "என் நண்பனுக்கு அற்புதமாய்க் கேட்கின்றது, எனக்கு ஒன்றுமே தெரியவில்லையே" என்று ஒரு பையன் சொன்னால் அவன் பொய் சொல்லவில்லை. அவன் செவியிலும் குறையில்லை. பிறர் சட்டையை அணிந்திருக்கின்றான், அவ்வளவே.

விளையாட்டுக்கும் படத்துக்கும் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. முன்னா பின்னா என்ற ஐயம் எழும்போது நாம் இயல்பாகத் தலையைச் சிறிது திருப்புகின்றோம். ஒலி எக்காதில் வலுக்கின்றது என்பதைக் கொண்டு தெளிகின்றோம். பப்ஜி போன்ற விளையாட்டுகளிலே பிள்ளை விரலை அசைத்தால் விளையாட்டு வீரனின் பார்வை திரும்புகின்றது. அதற்கேற்பக் காலடியோசையின் திசையும் திரும்புகின்றது. தலைக்குப் பதிலாக விரல் அந்த வேலையைச் செய்து ஐயத்தைப் போக்கிவிடுகின்றது. படத்திலோ எதுவும் நம் அசைவுக்கு இணங்குவதில்லை. தலையைத் திருப்பினால் வெடிச்சத்தமும் தலையோடு சேர்ந்தே திரும்பிவிடும்; மாயை கலைந்துபோகும். இக்குறையை நீக்கவே, தலையசைவை அறிந்து ஒலியைத் திரையோடு பிணைத்து நிறுத்தும் முறையை அப்பிள் நிறுவனம் 2020 இல் தன் செவிப்பொறிகளிற் சேர்த்தது. ஆகவே சுற்றொலி ஹெட்போன் விளையாட்டுக்கு மெய்யாகவே உதவுவது; படத்துக்கு ஓர் அலங்காரம் என்பதே என் எண்ணம். மாறுபடுவோர் மாறுபடலாம்.

படத்திலும் மூலத்தில் என்ன இருக்கின்றது என்பதே முதன்மை. இந்தியப் படங்களுள் டொல்பி ஸ்டீரியோ சுற்றொலியை முதன்முதல் கையாண்டதாகக் குறிக்கப்படுவது 1995 இல் வந்த தமிழ்ப்படமான குருதிப்புனல். ஒலியை ஒலிபெருக்கிக்கென்று பிரிக்காமல் பறவை, மழை, ஹெலிகொப்டர் எனப் பொருளுக்குப் பொருள் தனித்தனியே இடங்குறித்து வைக்கும் டொல்பி அட்மொஸ் முறை 2012 இல் 'பிரேவ்' என்ற படத்தோடு அறிமுகமாயிற்று. அவ்வாண்டின் இறுதியிலேயே முப்பரிமாணமாக வெளிவந்த சிவாஜி அம்முறையில் ஒலித்தது. இத்தகைய படங்களைச் சுற்றொலி கெடாத பிரதியிலே கேட்டால் காசுக்குப் பலனுண்டு. நண்பனின் தொலைபேசியிலிருந்து பெற்ற, சுருக்கிச் சுருக்கி இரண்டு தடமாகிவிட்ட பிரதியிலோ தேடினாலும் ஏழு கிடைக்காது. 1961 இன் பாசமலர் ஒற்றைத் தடத்தில் ஒலித்த படம். அதற்குச் சுற்றொலிப் பொத்தானை அமுக்கினால் நடிகர் திலகத்தின் குரல் குளியலறைக்குள்ளிருந்து வருவதுபோல் ஒலிப்பதைத் தவிர வேறு பயனில்லை.

வாங்குவோர்க்கு இனிச் சில சொல்வேன். 7.1 என்ற எண்ணுக்காக மேற்பணம் கொடுக்க வேண்டியதில்லை. திசைக் கணக்கைக் கணினியே செய்துவிடும். விண்டோஸ் கணினிகளில் 2017 முதல் 'விண்டோஸ் சொனிக்' என்ற வசதி இலவசமாகவே உண்டு. 2020 இல் வந்த பிளேஸ்டேஷன் 5 சாதாரண ஸ்டீரியோ ஹெட்போனுக்கே முப்பரிமாண ஒலியைத் தருகின்றது. ஆனால் விளையாட்டில் ஒன்று, கணினியில் ஒன்று, ஹெட்போனின் மென்பொருளில் ஒன்று என மூன்றிடத்திலும் சுற்றொலியை இயக்கிவிடலாகாது. மசாலா இட்ட கறிக்கு மேலும் இருமுறை மசாலா இட்டது போலாகும். ஓரிடத்தில் மட்டும் இயக்கி, ஏனையவற்றை அணைத்து வையுங்கள்.

புளூடூத் வழி வரும் ஒலி சில வேளைகளில் ஒரு வினாடியின் ஐந்தில் ஒரு பங்கு வரை பிந்தி வரும். படத்துக்குப் பெரும்பாலும் காட்சியையும் அதற்கேற்பப் பிந்தச் செய்து சமாளித்துவிடுவர். விளையாட்டில் அது இயலாது. எதிரி சுட்ட பின்னர் காலடி கேட்டுப் பயனென்ன? விளையாடுவோர் கம்பி உள்ளதையோ, தனக்கென ஒரு சிறு அலைவாங்கியைக் கணினியிற் செருகிக் கம்பியின்றி இயங்குவதையோ கொள்ளுதல் நன்று. நம் கரைக்கேயுரிய இடையூறு ஒன்றும் உண்டு. உப்புக் காற்றும் வியர்வையும் செயற்கைத் தோல் மெத்தைகளை விரைவில் உரித்துவிடும்; கறுப்புச் செதில்கள் காதிலும் கன்னத்திலும் ஒட்டும். துணி மெத்தை உள்ளதை, அல்லது மெத்தையைத் தனியே மாற்றக்கூடியதைத் தேர்ந்தெடுங்கள். செருகு முனையை வாரமொருமுறை உலர்ந்த துணியால் துடையுங்கள். மூன்று மணி நேரம் தலையில் இருக்கப்போகும் பொருள் ஆகையால், கடையில் மூன்று நிமிடமாவது அணிந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

இவ்வளவு நேரம் ஒலி எங்கிருந்து வருகின்றது என்று பேசினோம். எவ்வளவு வருகின்றது என்பதிலேதான் ஆபத்து ஒளிந்திருக்கின்றது.

செவியின் உள்ளே ஏறத்தாழ 15,000 நுண்மயிர்க் கலங்கள் உள்ளன. பிறக்கும்போது கிடைத்தவை அவ்வளவே. பேரொலியால் அழிந்த கலம் மீண்டும் முளைப்பதில்லை. அதற்கு இன்றுவரை மருந்துமில்லை. பெரியவர்களுக்கு 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்டல் பாதுகாப்பான எல்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. சிறுவர்க்கு அதனினும் குறைந்த 75 டெசிபெல். ஒலி 3 டெசிபெல் கூடுந்தோறும் காலம் பாதியாகின்றது. 90 டெசிபெல்லுக்கு வாரத்தில் 4 மணி நேரம். 100 டெசிபெல்லுக்கு வாரம் முழுமைக்கும் 20 நிமிடம். நாளொன்றுக்கன்று, வாரத்துக்கு! 12 வயது முதல் 35 வயது வரையிலான 100 கோடிக்கு மேற்பட்டோர் இவ்வகையில் செவியிழக்கும் அபாயத்தில் உள்ளனர் என்பதும் அந்நிறுவனத்தின் மதிப்பீடே. 9 நாடுகளில் 50,000 பேருக்கு மேல் உள்ளடங்கிய ஆய்வுகளைத் தொகுத்து 2024 இல் வெளியான ஒரு மீளாய்வு, விளையாட்டாளர் கேட்கும் ஒலி பல இடங்களில் இந்த எல்லையை எட்டியோ தாண்டியோ உள்ளதென்று எச்சரித்தது.

விளையாட்டில் ஒலியைக் கூட்டத் தூண்டுவது காலடியோசை. அது மெல்லியது, அதைப் பிடிக்கவே பையன் ஒலியை உயர்த்துகின்றான். உயர்த்திய மறுகணமே காதருகே துப்பாக்கி வெடிக்கின்றது. படத்தில் இதே சூழ்ச்சியை வசனம் செய்கின்றது. சுற்றொலிப் படங்களில் பேச்சு பெரும்பாலும் நடு ஒலிபெருக்கிக்கு உரியது. இரண்டு தடமாகக் கலக்கும்போது அது இசைக்குள் அமிழ்ந்துவிடுகின்றது. பேச்சுக்காகக் கூட்டினால் சண்டைக்காட்சி வந்து செவியில் அறைகின்றது. இதற்கு மருந்து ஒலியைக் கூட்டுவதன்று. பல தொலைக்காட்சிகளிலும் விளையாட்டுகளிலும் 'இரவு முறை' என ஒன்று இருக்கும். அது மெல்லொலியை உயர்த்தி வல்லொலியைத் தாழ்த்தும். அதனை இயக்கிவிட்டால் குறைந்த ஒலியிலேயே காலடியும் கேட்கும், வசனமும் விளங்கும். மற்றொன்று, மின்விசிறியின் இரைச்சலையும் வீதியின் சத்தத்தையும் வெல்வதற்காகவே பலரும் ஒலியைக் கூட்டுகின்றனர். காதை முற்றும் மூடும் நல்ல மெத்தை உள்ள ஹெட்போன் அந்த இரைச்சலை வெளியே நிறுத்துவதால், தாழ்ந்த ஒலியே போதுமாகின்றது.

ஆனால் மூடிய செவிக்கு வேறொரு விலை உண்டு. மஃரிபுக்குப் பாங்கு ஒலிக்கின்றது. அறைக்குள் இருப்பவனுக்குக் கேட்பதில்லை. "மனே, தேத்தண்ணி ஆறுது" என்று உம்மா மூன்று முறை அழைக்கின்றாள். நான்காம் முறை அவளே எழுந்து வந்து தோளைத் தொட, பையன் திடுக்கிட்டுத் துள்ளுகின்றான். வானொலிப் பெட்டி ஒன்றைச் சுற்றி வீடே அமர்ந்து இலங்கை வானொலியின் நாடகம் கேட்ட காலத்தவர்களுக்கு, ஒரே கூடத்தில் நால்வர் நான்கு உலகங்களைக் கேட்டுக்கொண்டிருப்பது மனத்தாங்கலாகவே இருக்கும். இருவர் ஒரே படத்தைப் பார்க்க விரும்பினால் ஒரு கம்பியை இரண்டாகப் பிரிக்கும் சிறு கருவி மலிவாகவே கிடைக்கின்றது. கணவனும் மனைவியும், அண்ணனும் தம்பியும் சேர்ந்து கேட்கலாம். காதைச் சுற்றித் திறந்த சல்லடை உள்ள ஹெட்போன்களும் உண்டு. வீட்டின் அரவம் அவற்றினூடே உள்ளே வரும். குழந்தையைத் தொட்டிலில் விட்டுப் படம் பார்க்கும் இளந்தாய்க்கு மூடிய ஹெட்போன் ஒருபோதும் ஏற்றதன்று.

கடற்கரைப் பக்கத்து வீடுகளுக்கு இதனை அழுத்திச் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமைக் காலை. இக்கரையோரத்தில் கடலைக் கண்ணால் காணுமுன், அதன் இரைச்சல் மாறியதைக் காதால் கேட்டு ஓடித் தப்பியவர்கள் உண்டு. அயலவர் போட்ட கூச்சலைக் கேட்டுப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. அன்று சாய்ந்தமருது இழந்த உயிர்களைப் பற்றி இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு தெரியும். அதன் பின்னர் நாட்டின் கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளும் அவசர வேளைகளில் ஊரை அழைக்கின்றன. இவையாவும் திறந்த செவியை நம்பியே நிற்கின்றன. வெளியோசையை மின்முறையால் அழித்துவிடும் ஹெட்போனை அணிந்துகொண்டு, கதவையும் தாழிட்டு, வீட்டில் எவரும் விழித்திராத நேரத்தில் தனியே விளையாடுவது கடலோரத்துக்கு உகந்த பழக்கமன்று. அத்தகைய கருவிகள் பலவற்றில் வெளியோசையை உள்ளே விடும் பொத்தானும் உண்டு. அதை எப்படி இயக்குவதென்று வாங்கிய அன்றே கற்றுக்கொள்ளுங்கள்.

ஒலியளவை அறிய டெசிபெல் மானி எல்லா வீட்டிலும் இராது. மானி இல்லாமலே அளக்கும் வழி ஒன்று உண்டு. பையன் ஹெட்போனை அணிந்து வழக்கமாக விளையாடும் ஒலியளவில் விளையாடட்டும். உம்மா அவனிடமிருந்து ஒரு கை நீளத்தில் நின்று, சோறு போடும்போது பேசும் அதே குரலில் அவன் பெயரைச் சொல்லி ஒருமுறை அழைக்கட்டும். திரும்பிப் பார்த்தானாயின் விளையாட்டு நடக்கட்டும். திரும்பாவிடின் ஒலியை இரண்டு படி இறக்கிவிட்டு, மறுபடியும் அழைத்துப் பாருங்கள்.